திங்கட்கிழமைப் பட்டியல்

ரூசே
ஏப்ரல் 24, 2023

அன்புள்ள அண்ணா,

போனில் உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று காரணம் சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம். இந்தக் காலத்தில் இதென்ன கூத்து என்று சிரிப்பாய். சிரி. ஆனால் கடைசி வரை படி.

ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது ஸ்டாமென் எல்லோரோடும் சிவப்பு முட்டை மோதி, தன் முட்டை உடையாமல் ஜெயித்தானே. உன் முட்டை உடைந்ததும் நீகூட, "மாப்பிள்ளை கையில முட்டைகூட நாக் அவுட் பண்ணுதுடா" என்றாய். அன்று நீ கிளம்பிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்று கேட்டான்: "நெவெனா, இன்னும் முட்டை மோதவே இல்லையே. எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

விளையாடுகிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அவன் விளையாடவில்லை.

குளிர்காலத்தில் புக்காரெஸ்ட் கூண்டுச் சண்டையில் தலையில் வாங்கிய அடிக்குப் பிறகுதான் இப்படி. ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். கோச் கெஞ்சோ, "ரெண்டு வாரம் தூங்கினா சரியாயிடும்" என்கிறார். அவருக்கென்ன, அவர் கூண்டுக்கு வெளியே நிற்பவர். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். தலைவலி மாத்திரை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று எனக்குத் தெரியும். போன வாரம் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஜிம்முக்கு எப்படிப் போகணும் என்று எனக்குப் போன் செய்தான்.

ஒரு வழி இருக்கிறது. நகராட்சிப் பள்ளியில் மல்யுத்த வாத்தியார் வேலை காலியாக இருக்கிறது. "இந்த வருஷம் சாம்பியன் பட்டச் சண்டைக்கு யாரும் கூப்பிடலன்னா விட்டுடறேன், அந்த வேலைக்கே போறேன்" என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறான். பட்டச் சண்டைக்கு ஆள் எடுப்பவர்கள் எங்கே பார்ப்பார்கள்? நீ திங்கட்கிழமைதோறும் வெளியிடும் தரவரிசைப் பட்டியலில்தான். அதிலும் முதல் ஐந்து பேரைத்தான். ஸ்டாமென் நான்காவது.

அவன் பெயரை எடுத்துவிடு, அண்ணா. "காயம், ஓய்வில் இருக்கிறார்" என்று ஒரு வரி போடு. எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாய். ஒரு வருஷம் போன் அடிக்காமல் இருந்தால் போதும், என் புருஷன் எனக்கு மிஞ்சுவான்.

நெவெனா


சோஃபியா
மே 2, 2023

அன்புள்ள நெவெனா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நீ கேட்பதைச் செய்ய முடியாது.

பட்டியலை நான் ஒருவன் போடுவதில்லை. பால்கன் நாடுகளில் கூண்டுச் சண்டையைப் பற்றி எழுதுகிற பத்துப் பதினைந்து பேர் ஓட்டுப் போடுகிறார்கள். நான் கூட்டிக் கழித்து வெளியிடுகிறேன். உன் கல்யாணம் முடிந்த மறுவாரமே பெல்கிரேடு ஆசாமி எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன லியூபென், இனிமே இது உங்க குடும்ப அட்டையா?" அன்றிலிருந்து ஸ்டாமென் விஷயத்தில் நான் ஓட்டே போடுவதில்லை. ஏற்றியதும் இல்லை, இறக்கியதும் இல்லை.

காயம் என்று போட வேண்டுமானால் டாக்டர் சீட்டு வேண்டும், இல்லை சண்டைக்காரனே தன் வாயால் சொல்ல வேண்டும். அதனால் நேர் வழியில் போனேன். நேற்று ஸ்டாமெனுக்குப் போன் செய்து, "நெவெனா பேரை எடுக்கச் சொல்றா, எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தான். "மச்சான், உன் தங்கச்சிக்கு நான் தும்மினாலே ஆம்புலன்ஸ் வேணும். பேர் மேல கை வெச்சா உன் கையை உடைப்பேன்" என்றான். நன்றாகத்தான் பேசினான்.

ஆகவே பெயர் இருக்கும். கோபித்துக்கொள்ளாதே. புனித ஜார்ஜ் திருநாளுக்கு என்னால் வர முடியாது. எனக்கும் சேர்த்து ஆட்டுக்கறி சாப்பிடு.

லியூபென்


ரூசே
ஆகஸ்ட் 3, 2023

லியூபென் அவர்களுக்கு,

உன்னிடம் ரகசியம் சொன்னேன். நீ அதை அவனிடமே கொண்டுபோய் ஒப்படைத்தாய். அவன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஒரே படுக்கையில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தான். பிறகு, "என்னைக் குழி தோண்டிப் புதைக்கவே பார்த்தியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். மறுநாள் விடியற்காலையிலேயே எழுந்து டான்யூப் கரையில் ஓட ஆரம்பித்துவிட்டான். முன்பு நிறுத்தியிருந்த பயிற்சியெல்லாம் இப்போது இரட்டிப்பு.

நேற்று போன் வந்தது. அக்டோபரில், உங்கள் சோஃபியாவில், பட்டத்துக்காக, மான்டினீக்ரோக்காரன் வுகாஷினோடு. "பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லிக் குதித்தான். பல் தெரிய அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? நானும் சிரித்து வைத்தேன்.

உன் நேர்மை நன்றாக இருக்கட்டும். அரங்கத்தில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்காராதே.

நெவெனா


சோஃபியா
அக்டோபர் 23, 2023

நெவெனா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்கு மாற்று உடைகளும் ரொட்டியும் வைத்த பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கிடைத்ததா?

ஆபரேஷன் நன்றாக முடிந்தது, மூளையில் இருந்த ரத்தக் கட்டியை எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். கண் விழித்தானா என்று தெரியவில்லை. போனில் கேட்டால் உறவா என்கிறார்கள். மச்சான் என்கிறேன். மனைவியைக் கேளுங்கள் என்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்காம் ரவுண்டில் அவன் முழங்காலில் விழுந்து எழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். பத்திரிகைக்காரர்கள் கத்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசி ரவுண்டு முடிந்து, தோற்றான் என்று அறிவித்த பிறகும், தன் காலால்தானே நடந்து வந்தான்? உன்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். உடை மாற்றும் அறையில் அவன் விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் அப்போது வெளியே உட்கார்ந்து அவன் சண்டையைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு வரியாவது எழுது.

லியூபென்


சோஃபியா
டிசம்பர் 19, 2023

நெவெனா,

நீ பதில் போடவில்லை. போட வேண்டாம். ஆனால் இது வேறு யார் வாயாலும் உன் காதுக்கு வரக் கூடாது.

வருடாந்தர விருதுகளுக்கு ஓட்டு எண்ணியாயிற்று. சிறந்த வீரன், சிறந்த நாக் அவுட், சிறந்த புதுமுகம் எல்லாவற்றிலும் வழக்கம்போல அடிதடி. ஒன்றில் மட்டும் ஒருவரும் மாற்றி ஓட்டுப் போடவில்லை. ஆண்டின் சிறந்த சண்டை: வுகாஷின், ஸ்டாமென். இருவருக்கும் ஆளுக்கொரு விருது.

நீ கேட்பாய். ஆமாம், நானும் போட்டேன். ஸ்டாமென் பெயர் வரும் எதிலும் ஒதுங்கியிருந்தவன் இதில் போட்டேன். அதைவிட நல்ல சண்டையை நான் பார்த்ததில்லை. வேறொன்றுக்குப் போட்டிருந்தால் பொய்யாகியிருக்கும். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு புட்டி ரக்கியா சாராயத்தைக் காலி செய்தேன். அதனால் எதுவும் மாறவில்லை.

லியூபென்


ரூசே
ஜனவரி 12, 2024

லியூபென்,

விருது வந்து சேர்ந்தது. கனமான கண்ணாடி. ஸ்டாமென் வீட்டுக்கு வந்த வாரமே வந்தது. இடது கை இன்னும் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான்."

"ஜெயிச்சேனா?"

"இல்ல. ஆனா ரொம்ப நல்லா சண்டை போட்டே. அதுக்குத்தான்."

"எப்போ?"

எப்போ என்று கேட்கிறான், அண்ணா. நீங்களெல்லாம் எழுந்து நின்று கத்திய சண்டையை அவன் ஒருவன்தான் பார்க்கவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நான்காம் ரவுண்டு வந்ததும், "டேய், கையைத் தூக்குடா, முகத்தை மூடுடா" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான். அணைத்துவிட்டேன்.

வுகாஷின் ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்ப வந்தான். என் காலடியில் உட்கார்ந்து அழுதான். அடித்தவன் வந்தான். நீ ஒரு பையை வைத்துவிட்டுப் போனாய். முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன? சின்ன வயதில் நான் திருப்பிக்கொண்டால் நீ சுற்றி வந்து முன்னால் நிற்பாயே!

அந்தப் பள்ளிக்கூடத்து வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இனி எனக்கு எழுதாதே.

நெவெனா


ரூசே
செப்டம்பர் 17, 2024

அண்ணா,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன்.

ஸ்டாமென் இப்போது நடக்கிறான், பேசுகிறான், சாப்பிடுகிறான். கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறான். நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் என் வாயைப் பார்க்கிறான். ஆனால் திங்கட்கிழமை மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. அன்று தானாக எழுந்து முகம் மழித்துக்கொண்டு, கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான். உன் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வந்து தோற்ற பிறகு ஒரு படி இறங்கிய தன் பெயரில் நிறுத்துவான். "அஞ்சு" என்பான். அவ்வளவுதான். அன்று முழுக்க நன்றாக இருப்பான். ரொட்டிக்கடை அம்மாவிடம்கூட, "நான் அஞ்சாவது, தெரியுமா?" என்று சொல்வான். "எனக்குத் தெரியாதா தம்பி, ஊருக்கே தெரியுமே" என்று அவளும் ஒரு பன்னைச் சேர்த்துக் கொடுப்பாள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மீதி ஆறு நாளையும் ஓட்டுகிறேன்.

அக்டோபரில் ஒரு வருஷம் முடிகிறது. ஒரு வருஷம் சண்டை போடாதவன் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும் என்பது உங்கள் விதி. நான் இதுவரை எந்த விதியையும் படித்ததில்லை. இதைப் படித்தேன்.

எடு என்று உன்னைக் கெஞ்சினேன். இப்போது எடுக்காதே என்று கெஞ்சுகிறேன். எனக்கே கேவலமாக இருக்கிறது. எடுத்துவிடாதே, அண்ணா.

நெவெனா


சோஃபியா
செப்டம்பர் 25, 2024

அன்புள்ள நெவெனா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. பிரித்த பிறகு, சமையலறையில் நின்றபடியே அழுதேன்.

ஊருக்கு வெளியிடும் பட்டியலில் வைத்திருக்க முடியாது. விதி எல்லோருக்கும் ஒன்று. அவன் இடத்துக்கு ஒரு அல்பேனியப் பையன் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டுக் காத்திருக்கிறான். இதைப் படித்ததும் கடிதத்தைக் கிழிக்காதே, கீழேயும் படி.

அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலைகளில் உனக்கு மட்டும் ஒரு பக்கம் அனுப்புகிறேன். அதே எழுத்து, அதே நிறம், அதே வரிசை. அதில் மாப்பிள்ளை பெயர் இருக்கும். அதை அச்சடித்து அவன் முன்னால் வை. கணினி கெட்டுவிட்டது என்று சொல். இத்தனை வருஷத்தில் ஒரு பெயரை ஒரு படி தள்ளி வைத்ததில்லை நான். இதைச் செய்கிறேன்.

அன்று வராந்தாவில் உன்னைச் சுற்றி வந்து முன்னால் நின்றிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

லியூபென்


சோஃபியா
நவம்பர் 4, 2024

நெவெனா,

நேற்று அனுப்பிய பக்கம் வந்திருக்கும். மாப்பிள்ளை சந்தோஷப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன். கவனித்தாயா, அவனை மேலே ஏற்றியிருக்கிறேன். போன மாதம் மூன்றாமவன் தோற்றான், இந்தச் சனிக்கிழமை இரண்டாமவனும் தோற்றுவிட்டான். அடித்த இருவரும் வேறு எடைப் பிரிவுக்காரர்கள், இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். நான்காமவன் ஓய்வு பெற்றுவிட்டான். அப்படியானால் ஸ்டாமென் இரண்டாம் இடத்துக்கு வர வேண்டியதுதான். பொய்ப் பட்டியல்தானே, இஷ்டப்படி எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஞாயிறு பூராவும் எல்லாச் சண்டையையும் மறுபடி பார்த்துத்தான் எழுதினேன். கிறுக்கன் என்று திட்டு.

ரொட்டிக்கடை அம்மா என்ன சொன்னாள்?

லியூபென்


ரூசே
நவம்பர் 19, 2024

அண்ணா,

போன் செய்திருப்பேன். செய்தால் கத்திவிடுவேன், அவன் பக்கத்து அறையில் இருக்கிறான்.

நீ ஏன் அவனை ஏற்றினாய்? ஐந்திலேயே விட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

இரண்டாம் இடம் என்றால் அடுத்தது பட்டச் சண்டை. என் பெயரை மறந்தாலும் அதை அவன் மறப்பானா? "கூப்பிடுவாங்க நெவெனா, இந்தத் தடவை கண்டிப்பா கூப்பிடுவாங்க" என்று ஆரம்பித்தான். சந்தோஷமாக இருக்கிறான் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு தட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தான். "எடை இறக்கணும், தெரியாதா உனக்கு?" என்கிறான். எதற்காக என்பதும் எப்போது என்பதும் தெரியாது. இறக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. பரணிலிருந்து, வியர்த்து எடை குறைக்கும் ரப்பர் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே குதிக்கிறான். தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பில் இருக்கும் நீரும் வற்றட்டும் என்று பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். காலையில் நான் எடுத்துக் கொடுக்கும் வலிப்பு மாத்திரையைக்கூட, "அதுக்கும் தண்ணி வேணும்" என்று துப்பிவிட்டான்.

நேற்று நான் கடையிலிருந்து வந்தபோது குளியலறையில் கிடந்தான். கொதிக்கிற தண்ணீர், உப்பு, மேலே மூன்று கம்பளி. கன்னத்தில் அடித்து எழுப்பினேன். கண் திறந்ததும் என்ன கேட்டான் தெரியுமா? "எவ்வளவு வந்திருக்கேன்? எடை பார்த்தியா?"

டாக்டர், இன்னொரு தடவை இப்படி ஆனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார்.

உன்மேல் மட்டும் பழி போடவில்லை. கேட்டவள் நான்தான். எடுத்துவிடு, அண்ணா. இந்தத் திங்கட்கிழமையே எடுத்துவிடு.

நெவெனா


சோஃபியா
நவம்பர் 21, 2024

நெவெனா,

எடுத்துவிட்டேன். ஞாயிறு மாலை உனக்கு வரும் பக்கத்தில் இருக்காது. அல்பேனியப் பையனை அங்கே போட்டிருக்கிறேன்.

மேலே இருப்பவன் தோற்றால் கீழே இருப்பவன் ஏறுவான். என் மூளைக்கு அது ஒன்றுதான் தெரியும். அந்தப் பக்கத்தை எழுதும்போது அவனை நான் நோயாளியாக நினைக்கவே இல்லை, நெவெனா. நியாயமாக அவனுக்கு வர வேண்டிய இடத்தைக் கடைசியில் என் கையாலேயே கொடுக்கிறேன் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவனிடம் என்ன சொல்வாய்? நான்தான் எடுத்தேன் என்று சொல். அது உண்மைதான்.

லியூபென்


ரூசே
நவம்பர் 26, 2024

அண்ணா,

நேற்று காகிதத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பார்க்கத் தைரியம் இல்லை. விரல் காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. மேலிருந்து கீழே போனான். மறுபடியும் மேலிருந்து வந்தான்.

"நெவெனா, நான் எங்க?"

"அண்ணன் எடுத்துட்டான்."

"ஏன்?"

"நீ சண்டை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு இல்ல?"

கத்துவான், விருதுக் கண்ணாடியை உடைப்பான் என்றெல்லாம் நினைத்திருந்தேன். "அப்படின்னா எடுக்கத்தான் வேணும்" என்றான். "மச்சான் சரியாத்தான் போடுவான்."

பிறகு ரப்பர் சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே கேட்டான்: "அப்போ யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"எடை இறக்க வேண்டாமா?"

"வேண்டாம்டா."

"அப்போ நான் சாப்பிடலாமா?"

நாள்கணக்காகப் பசியோடு, அனுமதிக்காகக் காத்திருந்த பிள்ளை மாதிரி கேட்டான். பீன்ஸ் சூப் மட்டும்தான் இருந்தது. சட்டியையே எடுத்து வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். ரொட்டியால் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான், மாத்திரையையும் போட்டுக்கொண்டான். நான் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். "உப்பு கம்மி, அதுக்கு ஏன் அழறே?" என்றான்.

சாப்பிட்டு முடித்துக் காகிதத்தை நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "இனிமே திங்கக்கிழமைன்னா நான் என்ன பண்றது?"

எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது. தெரியாவிட்டால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பிடித்து வா.

நெவெனா